ஒகுரி கேப்: கசமாட்சுவின் சாம்பல் குதிரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமேயில் ஒகுரி கேப் என்றொரு பெண் வருகிறாளே, அப்படி ஒரு குதிரை நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. பந்தயக் குதிரைகளைப் பெண்களாக உருவகித்த ஜப்பானிய விளையாட்டும் அனிமேயும் வந்த பிறகு, நம் ஊர் இளைஞர்கள் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமாகிவிட்டது. ஆனால் திரையில் பார்த்ததில் பெரும்பகுதி கற்பனை அல்ல. கிராமப்புற மண் பாதையில் ஓடத் தொடங்கியது, தலைநகரின் பெரிய குதிரைகளை வென்றது, அளவில்லாமல் சாப்பிட்டது, எல்லாமே உண்மை.

ஒகுரி கேப் 1985 மார்ச் 27 அன்று ஹொக்கைடோ தீவின் மிட்சுஇஷி என்ற ஊரில் ஒரு சிறிய பண்ணையில் பிறந்தது. 1987 முதல் 1990 வரை 32 பந்தயங்களில் ஓடி 22 வெற்றி பெற்றது. அதில் நான்கு ஜி1 வெற்றிகள். ஜி1 என்பது பந்தய உலகின் உச்சத் தரம். மொத்தப் பரிசுத் தொகை சுமார் 91 கோடி யென்.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஜப்பானில் இதைவிடச் சாதித்த குதிரைகள் உண்டு. இருந்தும், இறந்து பல வருடங்கள் ஆன பிறகும் அங்கே பந்தயமே பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரிந்த பெயர் இதுதான். ஏன் என்பதைத்தான் கீழே சொல்லப் பார்க்கிறேன்.

பிறப்பில் ஏதாவது விசேஷம் உண்டா? பெரிய வம்சமா?

இல்லை. தகப்பன் டான்சிங் கேப், அமெரிக்காவிலிருந்து வந்த பொலிகுதிரை. புகழ்பெற்ற நேட்டிவ் டான்சரின் மகன்தான் என்றாலும், பொலிகுதிரையாக இரண்டாம் தரம் என்றே மதிக்கப்பட்டது. அதன் குட்டிகள் மண் பாதைக்குத்தான் லாயக்கு என்பது அன்றைய பொதுக் கருத்து. தாய் ஒயிட் நருபியும் கசமாட்சு என்ற சின்ன மைதானத்தில் ஓடிய குதிரைதான். இந்தக் கூட்டணியில் இப்படி ஒரு குதிரை பிறக்கும் என்று யாரும் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

போதாததற்கு, குட்டியின் வலது முன்னங்கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பிறந்ததும் எழுந்து நிற்கவே சிரமப்பட்டது. பண்ணைக்காரர் பொறுமையாகக் குளம்பைச் சீவிச் சீவியே காலை நேராக்கினார். அந்தக் குட்டிக்குப் பண்ணையில் வைத்த செல்லப்பெயர் 'ஹட்சுரட்சு'. துடிப்பு, உற்சாகம் என்று பொருள். காலே நேராக இல்லாத குட்டிக்கு இந்தப் பெயரை வைத்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் இளகிவிடும்.

அந்தச் சாப்பாட்டுக் கதை?

உண்மைதான். பண்ணையில் இருந்தபோதே கண்ணில் பட்ட களைச்செடிகளைக்கூட விடாமல் தின்னும். பந்தயக் குதிரைகள் ஓடிய அலுப்பிலும் பயண அலுப்பிலும் தீவனத்தைத் தொடாமல் நிற்பது வழக்கம், பயிற்சியாளர்களின் பெரிய தலைவலியே அதுதான். ஒகுரி கேப்புக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஓடி முடித்து லாயத்துக்கு வந்ததும் தொட்டியைக் காலி செய்யும். அது கடைசி வரை தாக்குப்பிடித்த ரகசியத்தில் பாதி இந்த வயிறுதான் என்று நினைக்கிறேன்.

கசமாட்சு என்றால் என்ன? ஏன் அதை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஜப்பானில் குதிரைப் பந்தயம் இரண்டு தனி உலகங்கள். ஒன்று ஜேஆர்ஏ (ஜப்பான் குதிரைப் பந்தயச் சங்கம்) நடத்தும் மத்தியப் பந்தயம். டோக்கியோ, நகாயமா, கியோட்டோ, ஹான்ஷின் போன்ற பெரிய மைதானங்கள், புல்தரை, பெரும் பணம். இன்னொன்று உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் வட்டாரப் பந்தயம். பெரும்பாலும் மண் பாதை, சிறிய பரிசு.

கசமாட்சு இரண்டாவது வகை. கிஃபு மாநிலத்தில், கிசோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஓடுபாதையின் நடுவே வயல்கள் இருக்கும். குதிரைகள் ஓட, உள்ளே பயிர் நிற்கும். அங்கே ஓடும் குதிரை கியோட்டோவுக்கோ டோக்கியோவுக்கோ போய் முதலாவதாக வருவது, தெருவில் பந்து விளையாடிய பையன் நேராக நாட்டு அணிக்குள் நுழைவது மாதிரி.

1973-இல் ஹைசெய்கோ என்ற குதிரை டோக்கியோவின் ஒய் வட்டார மைதானத்திலிருந்து மத்தியப் பந்தயத்துக்கு வந்து நாடே கொண்டாடும் நாயகன் ஆனது. அதற்குப் பிறகு அப்படி ஓர் அலை ஒகுரி கேப்பால்தான் வந்தது. ஒய் மைதானமாவது தலைநகரில் இருக்கிறது. கசமாட்சு அதைவிடச் சின்ன இடம்.

அங்கே எப்படி ஓடியது?

1987 மே 19 அன்று முதல் பந்தயம், 800 மீட்டர். இரண்டாவதாக வந்தது. மொத்தம் 12 பந்தயம், 10 வெற்றி, 2 இரண்டாம் இடம். அந்த இரண்டு தோல்வியும் மார்ச் டோஷோ என்ற ஒரே குதிரையிடம். இரண்டாவது தோல்விக்குப் பிறகு தொடர்ச்சியாக எட்டு வெற்றி.

அந்த நாள்களில் அதன் மீது ஏறிய ஜாக்கிகளில் முக்கியமானவர் ஆண்டோ கட்சுமி. கசமாட்சுவின் தனிப்பெரும் ஜாக்கி. குதிரை மத்தியப் பந்தயத்துக்குப் போனது, ஆண்டோ போக முடியவில்லை. வட்டார ஜாக்கிகளுக்கு உரிமம் வேறு. அவர் 2003-இல்தான் ஜேஆர்ஏவுக்கு மாறினார், மறு வருடமே கிங் கமேஹமேஹாவில் ஜப்பான் டெர்பியை வென்றார். அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

பிறகு எப்படி மத்தியப் பந்தயத்துக்குப் போனது?

விற்கப்பட்டது. முதல் உரிமையாளரான ஒகுரி கோஇச்சியிடம் ஜேஆர்ஏ குதிரை உரிமையாளர் உரிமம் இல்லை. (ஒகுரி என்பது அவருடைய குடும்பப் பெயர், கேப் என்பது தகப்பன் குதிரையிடமிருந்து வந்தது.) அவருக்கு விற்க மனமில்லை. ஆனால் இந்தக் குதிரையைக் கசமாட்சுவிலேயே கட்டிவைப்பது அதற்குச் செய்யும் அநியாயம் என்று மற்றவர்கள் எடுத்துச் சொல்ல, கடைசியில் சம்மதித்தார். விலை 2 கோடி யென். 1988 ஜனவரியில் ரிட்டோ பயிற்சி மையத்தில் செதோகுச்சி சுதோமுவின் லாயத்துக்கு வந்து சேர்ந்தது.

டெர்பியில் ஏன் ஓடவில்லை? தகுதி இல்லையா?

தகுதிக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு விண்ணப்பம்தான் இல்லை.

ஜப்பானில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான உச்சப் பந்தயங்கள் சட்சுகி ஷோ, டெர்பி, கிக்கா ஷோ. இவற்றில் ஓட வேண்டுமானால் முந்தைய வருடமே பதிவு செய்து கட்டணம் கட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒகுரி கேப் கசமாட்சுவின் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. டெர்பிக்குப் போகும் என்று யார் கண்டார்கள்? பதிவு செய்யவில்லை. பிறகு செய்ய வழியும் இல்லை.

இதனால் நேர்ந்ததைப் பாருங்கள். 1988 மார்ச்சில் பெகாசஸ் ஸ்டேக்ஸ், மத்தியப் பந்தயத்தில் முதல் ஓட்டம், மூன்று நீளத்தில் வெற்றி. ('நீளம்' என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம்.) அதே மாதக் கடைசியில் மைனிச்சி ஹாய், வெற்றி. அந்தப் பந்தயத்தில் நான்காவதாக வந்த யாஎனோ முடெகி என்ற குதிரை அடுத்த மாதம் சட்சுகி ஷோவை வென்றது! டெர்பி நடந்த மே மாதத்தில் ஒகுரி கேப் கியோட்டோவில் வேறொரு பந்தயத்தில் ஐந்து நீளத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜூனில் டோக்கியோவில் நியூஸிலாந்து டிராபி, 1600 மீட்டர், ஏழு நீளம். நேரம் 1 நிமிடம் 34.0 நொடி. மூத்த குதிரைகள் அதே தூரத்தில், அதே மைதானத்தில், அதற்குச் சில வாரம் முன்பு ஓடிய யசுடா கினென் ஜி1-இன் நேரம் 1 நிமிடம் 34.2 நொடி.

விதி மாறத்தான் செய்தது. 1992 முதல் 20 லட்சம் யென் கட்டினால் கடைசி நேரத்தில் சேரலாம் என்று வழி திறந்தார்கள். 1999-இல் டிஎம் ஒபேரா ஓ சட்சுகி ஷோவை வென்றதும், 2015-இல் கிட்டசான் பிளாக் கிக்கா ஷோவை வென்றதும் இந்தக் கதவு வழியாகத்தான். கதவைத் திறக்க வைத்த குதிரை மட்டும் வெளியே நின்றது.

டமமோ கிராஸுடன் மோதல் என்கிறார்களே, அது என்ன?

1988 இலையுதிர் காலம். ஒகுரி கேப் ஜூலையில் சுக்கியோ மைதானத்தில் மூத்த குதிரைகளைப் பாதைச் சாதனை நேரத்தில் வென்று, அக்டோபரில் மைனிச்சி ஒகானில் 1985 டெர்பி வெற்றியாளரான சிரியஸ் சிம்போலியையும் பின்னுக்குத் தள்ளி, தொடர்ந்து ஆறு தர வரிசைப் பந்தயங்களை (ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் பெற்றவை) வென்றிருந்தது. அந்தப் பக்கம் டமமோ கிராஸ், ஒரு வயது மூத்தது, யாராலும் தோற்கடிக்க முடியாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டுமே சாம்பல் நிறம். சாம்பல் குதிரை ஓடாது என்ற பழைய நம்பிக்கை ஜப்பானில் இருந்தது. அதை இந்த இரண்டும் சேர்ந்து ஒரே பருவத்தில் புதைத்தன.

அக்டோபர் 30, டென்னோ ஷோ: டமமோ கிராஸ் முதலிடம், ஒகுரி கேப் இரண்டாவது. நவம்பர் 27, ஜப்பான் கப்: அமெரிக்காவின் பே தி பட்லர் முதலிடம், டமமோ கிராஸ் இரண்டாவது, ஒகுரி கேப் மூன்றாவது. இரண்டு முறையும் டமமோ கிராஸ் முன்னால். டிசம்பர் 25 அன்று நகாயமாவில் அரிமா கினென், டமமோ கிராஸின் கடைசிப் பந்தயம். இதில் ஒகுரி கேப்பை ஓட்டியவர் ஒகாபே யுகியோ. அரை நீளத்தில் ஒகுரி கேப் ஜெயித்தது.

இனி ஒரு முறை மோத வாய்ப்பில்லை என்ற நாளில், அந்த ஒரே ஒரு முறை. மூன்று வயதுக் குட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

சில இடங்களில் அப்போது அதன் வயது நான்கு என்று போட்டிருக்கிறதே?

2000 வரை ஜப்பானில் பிறந்த வருடத்தையே ஒரு வயதாக எண்ணினார்கள். இன்றைய கணக்கில் மூன்று என்றால் அன்று நான்கு. பழைய பந்தயப் பெயர்களில் வரும் 'நான்கு வயது' என்பது இன்றைய மூன்று வயதுதான். இந்தப் பக்கம் முழுவதும் இன்றைய கணக்கு.

1989-இல் ஏன் வசந்த காலம் முழுக்க ஓடவில்லை?

காலில் காயம். ஃபுகுஷிமா மாநிலத்தின் இவாகியில் பந்தயக் குதிரைகளுக்காகவே வெந்நீர் ஊற்று மருத்துவ மையம் உண்டு. அங்கே போய் வெந்நீரில் நின்று கால் ஆற்றிக்கொண்டு வந்தது. அதற்கிடையில் உரிமையாளரும் மாறிவிட்டார். இரண்டாவது உரிமையாளரின் உரிமம் பறிபோனதால் குதிரை வேறொருவர் கைக்குப் போனது. இரண்டு வருடம் ஓட்டிக்கொள்ள 55 கோடி யென் என்று பேசப்பட்டது. அன்று ஜப்பானில் பணம் தண்ணீராக ஓடிய காலம்.

அந்த இலையுதிர் காலத்தில் குதிரையை வதைத்தார்கள் என்பது சரியா?

நான் சரி என்றுதான் சொல்வேன். பணம் கட்டியவர் அதை மீட்க ஓட்டினார் என்று அப்போதே ஜப்பானில் கடுமையாக எழுதினார்கள். தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே போதும்.

செப்டம்பர் 17 ஆல் கமர்ஸ், 2200 மீட்டர், வெற்றி. அக்டோபர் 8 மைனிச்சி ஒகான், 1800 மீட்டர், இனாரி ஒன்னை மூக்கு நுனி வித்தியாசத்தில் வெற்றி. அக்டோபர் 29 டென்னோ ஷோ, 2000 மீட்டர், சூப்பர் கிரீக்கிடம் கழுத்து வித்தியாசத்தில் தோல்வி. நவம்பர் 19 மைல் சாம்பியன்ஷிப், கியோட்டோவில், 1600 மீட்டர், மூக்கு நுனியில் வெற்றி. நவம்பர் 26, ஆம், ஏழே நாளில், சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி டோக்கியோவில் ஜப்பான் கப், 2400 மீட்டர், கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவது. டிசம்பர் 24 அரிமா கினென், 2500 மீட்டர், ஐந்தாவது.

மூன்று மாதத்துக்குச் சற்று மேல், ஆறு பந்தயம், ஆறு வெவ்வேறு தூரம். உச்சத் தரத்தில் ஓடும் குதிரைக்கு ஒரு பருவத்தில் மூன்று ஓட்டமே நிறைவு. அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு ஜி1 என்பது யாரும் செய்யத் துணியாத காரியம். குதிரை ஓடியது என்பதற்காக ஓட்டியது சரியாகிவிடாது.

ஓட்டிய மினாய் கட்சுமியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முந்தைய வருடம் டமமோ கிராஸை ஓட்டி ஒகுரி கேப்பைத் தோற்கடித்தவர் அவர்தான். இந்த வருடம் அதன் மீதே ஏறினார். டென்னோ ஷோ தோல்வி தன் ஓட்டத்தின் பிழை என்று மனதில் போட்டுக்கொண்டார். மைல் சாம்பியன்ஷிப்பில் பாம்பூ மெமரி முன்னே போய்விட்டது, இனி முடியாது என்று தோன்றிய இடத்திலிருந்து ஒகுரி கேப் உள்பக்கமாக வந்து கோட்டில் மூக்கை நீட்டியது. பந்தயம் முடிந்து பேட்டி எடுத்தபோது மினாய் அழுதுவிட்டார். தன் தவறைக் குதிரை திருத்தித் தந்துவிட்டது என்ற நன்றி அந்த அழுகையில் இருந்தது.

ஹார்லிக்ஸ் என்று ஒரு குதிரையா?

ஆமாம், நம் வீடுகளில் கலக்கும் அதே பெயர்தான். நியூஸிலாந்தின் பெட்டைக்குதிரை, அதுவும் சாம்பல் நிறம், ஓட்டியவர் லான்ஸ் ஓ'சல்லிவன். 1989 ஜப்பான் கப்பை வென்றது அதுதான். நேரம் 2 நிமிடம் 22.2 நொடி, 2400 மீட்டரில் அன்றைய உலகச் சாதனை. கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்த ஒகுரி கேப்பின் நேரமும் அதே 2 நிமிடம் 22.2 நொடி. ஜப்பான் கப்பில் அந்த நேரத்தை முறியடிக்க 2005 வரை ஆனது.

ஏழு நாளைக்கு முன் கியோட்டோவில் மூக்கு நுனிக்காகப் போராடிய குதிரை இது. என்னைக் கேட்டால் ஒகுரி கேப்பின் மிகச் சிறந்த ஓட்டம் நான்கு ஜி1 வெற்றிகளில் எதுவும் இல்லை, இந்தத் தோல்விதான். பலர் இதை ஏற்க மாட்டார்கள், தெரியும்.

'ஹெய்செய் மூவர்' யார்?

1989 ஜனவரியில் ஜப்பானில் ஹெய்செய் ஆண்டுக்கணக்கு தொடங்கியது. அந்த முதல் வருடங்களில் மாறி மாறி ஜெயித்த ஒகுரி கேப், சூப்பர் கிரீக், இனாரி ஒன் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். இனாரி ஒன்னும் ஒய் வட்டாரப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். மூன்றில் இரண்டு வட்டாரக் குதிரைகள்.

1990-இல் என்ன ஆனது?

நன்றாகத்தான் தொடங்கியது. மே 13 யசுடா கினென், ஓட்டியவர் டகே யுடாகா. அதுவரை எதிரணியில் இருந்து சூப்பர் கிரீக்கிலும் பாம்பூ மெமரியிலும் இதே குதிரையைத் துரத்திய இளைஞர். இரண்டு நீளத்தில் வெற்றி, 1 நிமிடம் 32.4 நொடி, பாதைச் சாதனை. ஜூனில் டகராசுகா கினெனில் ஒசாஇச்சி ஜார்ஜிடம் இரண்டாவது.

அப்புறம் சரிந்தது. அமெரிக்கா போகும் திட்டம் கால் கோளாறால் கைவிடப்பட்டது. அக்டோபர் 28 டென்னோ ஷோவில் ஆறாவது. வென்றது யார் தெரியுமா? இரண்டு வருடம் முன்பு மைனிச்சி ஹாயில் நான்காவதாக வந்த அதே யாஎனோ முடெகி. நவம்பர் 25 ஜப்பான் கப்பில் பதினொன்றாவது. அதுவரை மோசமான நாளிலும் ஆறாம் இடத்துக்குக் கீழே போகாத குதிரை பதினொன்றாவது! போதும், ஓய்வு கொடுங்கள் என்று நாடு முழுக்கக் குரல் எழுந்தது. ஊடகக்காரர்கள் லாயத்தைச் சூழ்ந்துகொண்டு அதைத் தூங்கக்கூட விடவில்லை என்ற புகாரும் எழுந்தது.

அரிமா கினென்தான் கடைசி என்று அறிவித்தார்கள்.

கடைசிப் பந்தயத்தில் நிஜமாகவே 1,77,779 பேர் வந்தார்களா?

வந்தார்கள். 1990 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. நகாயமா மைதானத்தின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம்.

அரிமா கினெனில் யார் ஓட வேண்டும் என்று ரசிகர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்கில் ஒகுரி கேப்புக்கு முதலிடம். ஆனால் அன்று பணம் கட்டியவர்களின் கணக்கில் நான்காம் இடம். எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகப் பிடித்த விவரம் இதுதான். ஜெயிக்காது என்று நினைத்தவர்களும் பார்க்க வந்திருந்தார்கள். வழியனுப்ப வந்த கூட்டம் அது.

மீண்டும் டகே யுடாகா, வயது 21. பந்தயம் மெதுவான வேகத்தில் போனது. ஒகுரி கேப் வெளிப்பக்கமாக முன்வரிசையை ஒட்டியே வந்தது. கடைசித் திருப்பத்தில் தானாகவே முன்னேறத் தொடங்கியது. நேர்பாதையில் முன்னால் வந்துவிட்டது. உள்ளிருந்து ஒயிட் ஸ்டோன் வருகிறது, வெளியிலிருந்து மெஜிரோ ரையன் பாய்ந்து வருகிறது. நேரலையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மூத்த விமர்சகர் "ரையன்! ரையன்!" என்று கத்தியது பதிவில் இன்றும் கேட்கும். முக்கால் நீளத்தில் ஒகுரி கேப் கோட்டைத் தாண்டியது.

ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரம் பேரும் "ஒகுரி! ஒகுரி!" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஜாக்கியின் பெயரை அல்ல, குதிரையின் பெயரை.

வேகம் குறைவான பந்தயம், அதிர்ஷ்டம்தான் என்று சிலர் சொல்கிறார்களே?

வேகம் குறைவு என்பது உண்மை. நேரம் 2 நிமிடம் 34.2 நொடி, பிரமாதமான நேரம் இல்லை. வேகமான பந்தயமாக இருந்திருந்தால் தோற்றிருக்கலாம். ஆனால் மெதுவான வேகம் எல்லாக் குதிரைக்கும் பொதுதானே? அதில் சரியான இடத்தில் நிற்கவும், சரியான கணத்தில் கிளம்பவும் தெரிந்தது ஒன்றுக்குத்தான். மைல் தூரத்தில் ஜெயித்த குதிரைக்கு அந்தக் கடைசிப் பாய்ச்சல் கையில் இருந்தது. இதை அதிர்ஷ்டம் என்று தள்ள எனக்கு முடியவில்லை.

பெண்களும் குழந்தைகளும் பந்தயத்துக்கு வரத் தொடங்கியது இதனால்தான் என்பது சரியா?

பெருமளவுக்குச் சரி. அதற்கு முன் பந்தய மைதானம் என்றால் சிகரெட் புகையும் நடுவயது ஆண்களும்தான். ஒகுரி கேப்பின் துணிப் பொம்மை வந்தது, பெரும் விற்பனை ஆனது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு தடுப்பு வேலி ஓரம் நிற்கும் இளம் பெண்களை 'ஒகுரி கேர்ல்' என்று பத்திரிகைகள் எழுதின. இளம் நட்சத்திரமாக டகே யுடாகா எழுந்ததும் அதே நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு அதன் குட்டிகள் சாதித்தனவா?

இல்லை. 180 கோடி யென் மதிப்பில் பங்கு பிரித்து, நீகப்புவில் உள்ள யூஷுன் பொலிகுதிரை நிலையத்தில் வைத்தார்கள். மத்தியப் பந்தயத்தில் தர வரிசைப் பந்தயம் வென்ற குட்டி ஒன்றுகூட வரவில்லை. 2007-இல் இனப்பெருக்கத்திலிருந்தும் ஓய்வு கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தாய் ஒயிட் நருபியின் இன்னொரு மகள் ஒகுரி ரோமன், அதுவும் கசமாட்சுவில் தொடங்கியது, 1994-இல் ஓகா ஷோவை வென்றது. மூன்று வயதுப் பெட்டைகளுக்கான உச்சப் பந்தயம் அது; இதையும் சட்சுகி ஷோ, டெர்பி போன்றவற்றையும் சேர்த்து கிளாசிக் என்பார்கள். ஓட்டியவர் டகே யுடாகா. அண்ணனுக்குக் கதவு மூடியிருந்த கிளாசிக் பந்தய வரிசையில் தங்கை ஒரு கிரீடத்தை எடுத்துவிட்டாள்.

எப்படி இறந்தது?

2010 ஜூலை 3. மேய்ச்சல் வெளியில் வலது பின்னங்கால் எலும்பு முறிந்து கிடந்தது. காப்பாற்ற வழியில்லை என்று மருத்துவர்கள் ஊசி போட்டு உறங்கவைத்தார்கள். வயது 25. கடைசி வருடங்களில் உடல் முழுவதும் வெளுத்து வெள்ளைக் குதிரையாகவே ஆகியிருந்தது. சாம்பல் குதிரைகள் அப்படித்தான், வயதாக ஆக வெளுக்கும்.

கசமாட்சுவில் அதன் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

மைதானத்தில் சிலை இருக்கிறது. 1992 முதல் 'ஒகுரி கேப் கினென்' என்று அதன் பெயரிலேயே ஒரு பந்தயம் நடக்கிறது. வட்டாரப் பந்தயங்கள் நலிந்து பல மைதானங்கள் மூடப்பட்ட வருடங்களில் கசமாட்சுவும் மூடும் நிலைக்குப் போனது. 2005-இல் வயதான ஒகுரி கேப்பை ஹொக்கைடோவிலிருந்து அங்கே கூட்டி வந்தார்கள், ஊர் திரண்டு வந்து பார்த்தது. மைதானம் தப்பித்தது.

ஆண்டோ கட்சுமி பின்னால் வருவார் என்றீர்களே?

1991 ஜனவரியில் மூன்று இடங்களில் ஓய்வு விழா நடந்தது: கியோட்டோ, கசமாட்சு, டோக்கியோ. மத்தியப் பந்தயத்தில் கவாச்சி ஹிரோஷி, மினாய், ஒகாபே, டகே, மசுசாவா சுயேஓ என்று எத்தனையோ பேர் ஏறிய குதிரை. கசமாட்சுவில் மட்டும், பழைய மண் பாதையில், மூன்று வருடம் முன்பு அதை அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்ட ஆண்டோ அதன் மீது ஏறினார். ஊர்க்காரர்கள் வேலியை ஒட்டி நெருக்கியடித்து நிற்க, மெதுவாகச் சுற்றி வந்தார்கள்.